"கழற்ற வேண்டாம்" என்று எழுதிய அட்டை

என் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எர்த்து" என்றால்தான் தெரியும். "எர்த்து வந்தாரா?", "எர்த்தைக் கூப்பிடு, ஃபிரிட்ஜைத் தொட்டா அடிக்குது" என்பார்கள். ஒரு மனிதனுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று எனக்கு எரிச்சலாக வரும். அவனோ இளித்துக்கொண்டு நிற்பான். "இருக்கட்டும்க்கா. ஆணி அடிக்கிறவனை ஆணின்னா கூப்பிடுறாங்க? என்னைக் கூப்பிடுறாங்கன்னா வேலை சுத்தமா இருக்குன்னு அர்த்தம்" என்பான். அவனிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆபீஸ்களில் நாள் முழுக்க ஏ.சி. ஓடிக் காற்று காய்ந்து கிடக்கும். தரை விரிப்பில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்துபோய் இரும்பு அலமாரியைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்று ஒரு பொறி பறக்கும். பிரிண்டரிலிருந்து வரும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீடுகளில் வேறு கதை. துணி துவைக்கும் மெஷினை வெறுங்காலோடு தொட்டால் கை முழுக்க எறும்பு ஊரும். இப்படி மெஷின் உடம்பில் சேர்ந்து நிற்கும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட, அதாவது எர்த் கொடுக்க, அவனே ஒரு கிளிப் செய்திருந்தான். மண்ணுக்குள் போகும் இரும்பைக் கடித்துப் பிடிக்கப் பல்லுள்ள பித்தளைக் கிளிப். அதிலிருந்து ஒரு பச்சை ஒயர். ஒயரின் மறுமுனையில், மெஷினின் திருகாணியில் மாட்ட ஒரு வளையம். அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு அலட்டல்?" என்று கேட்டிருக்கிறேன்.

அவனுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. கிளிப் கடிக்கும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கும் வரை விடமாட்டான். பெயிண்டின் மேல் மாட்டினால் எறும்பு ஊர்வது வேண்டுமானால் நிற்கும், பெரிய கரண்ட் இறங்காதாம். இரண்டாவது, வேலை முடிந்ததும் சின்ன அட்டை ஒன்றில் "கழற்ற வேண்டாம்" என்று முத்து முத்தாக எழுதி ஒயரில் கட்டிவிடுவான். வீட்டைக் கூட்டுகிறவர்கள், வெள்ளையடிக்க வருகிறவர்கள், யாராவது என்னவோ ஒயர் என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்களாம். இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் அந்த அட்டை தொங்கியதோ, கணக்கே கிடையாது.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் இந்தக் கிளிப்பால்தான். ஓர் ஆபீஸில் பெரிய பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண், மெஷின் அடிக்கிறது என்று புகார் கொடுத்தாள். போய்க் கிளிப் போட்டான். பத்து நாளில் மறுபடி அடிக்கிறது என்றாள். போனான். கிளிப் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதமும் அடிக்கிறது என்றாள். மூன்றாம் தடவை இந்த மரமண்டை என்னிடம் வந்து, "எனக்கே புரியலைக்கா, மீட்டர் வச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்லை. அந்தப் பொண்ணு மட்டும் அடிக்குதுங்குது" என்று புலம்பினான். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். "மாப்பிள்ளை, மீட்டரை மெஷின்ல வைக்காதீங்க. அந்தப் பொண்ணு பேரைக் கேளுங்க" என்றார். அன்றிலிருந்து என் தம்பி பெண்டாட்டிக்கு நான் வைத்த பெயர் பிரிண்டர்க்காரி. அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். தங்கமான பெண்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரருக்கு அவன் மைத்துனன் மட்டுமில்லை. லீவு நாளில் இரண்டு பேரும் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பிட வாருங்கள் என்று நான் நாலு தடவை கத்த வேண்டும்.

நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி, பழைய கட்டடம், வாடகை வீடு. பிளக் எல்லாம் இரண்டு ஓட்டைதான், எர்த் ஒயரே கிடையாது. துணி துவைக்கும் மெஷின் வாங்கிய மறுநாளே கையில் எறும்பு ஊர்ந்தது. தம்பி வந்து பார்த்தான். கீழே மண்ணில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கி, அங்கிருந்து மூன்று மாடிக்கு ஒயர் இழுக்க வேண்டும் என்றான். வீட்டு ஓனர் தோண்டவே கூடாது என்றுவிட்டார். தம்பி தலையைச் சொறிந்தான்.

"தண்ணிக் குழாய் இரும்புதான். நேரா மண்ணுக்குள்ள போகுது. இப்போதைக்கு இதுல மாட்டுறேன்க்கா. ஆனா இது சரியான முறை இல்லை. ஓனர் ஒத்துக்கிட்டதும் மாத்திடணும்."

"ஏதோ ஒண்ணு பண்ணித் தொலைடா. சாப்பாடு ஆறுது" என்றேன்.

மெஷினுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் கழுத்தில் கிளிப்பை மாட்டினான். அட்டையைக் கட்டினான். "இந்தப் பக்கம் என்ன வேலை நடந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணிடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். எறும்பு ஊர்வது நின்றுபோனது. ஓனரும் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்களும் மறந்துபோனோம். இப்படி எட்டு வருஷம் ஓடிவிட்டது.

இனிமேல் சொல்லப்போவது எனக்கு வெட்கக்கேடு. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஒரு தடவை பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். தம்பி எட்டிப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் ராப்பகலாக வேலையாம். பதினோராம் நாள் பழப் பையோடு வந்து நின்றான். "செத்தப்புறம் வந்திருக்கலாமே. இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்று அந்தப் பையை அவன் கையிலேயே திணித்து அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் சுவரில் ஈரம் கசிந்தது. பிளம்பர் வந்து சுவரை உடைத்தார். உள்ளே இரும்புக் குழாய் துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டுவிடலாம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துண்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு பச்சை ஒயரைக் காட்டினார்.

"இது என்னம்மா? மாட்டினவரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

என் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டார். "தம்பிக்கு ஒரு போன் போடட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். நாமளா போய் அவன்கிட்ட நிக்கணுமா? அதான் அட்டையில கொட்டை எழுத்துல எழுதியிருக்கே, கழற்ற வேண்டாம்னு. அதைத் தொடாம மத்ததை மாத்துங்க" என்றேன்.

பிளம்பர் சொன்னபடி செய்தார். கிளிப்பைத் தொடவே இல்லை. அது இருந்த இரும்புத் துண்டு அப்படியே நின்றது. அதற்குப் பின்னால், சுவருக்குள்ளே, எல்லாம் பிளாஸ்டிக் ஆனது. பூசி, வெள்ளையடித்தாயிற்று. பார்த்தால் பழைய குழாய், பழைய கிளிப், பழைய அட்டை. தரை ஈரம் என்று நாங்கள் எப்போதும் ரப்பர் செருப்போடுதான் அந்தப் பக்கம் போவோம், எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது.

பிறகு நாங்கள் சமாதானமாகிவிட்டோம். பிரிண்டர்க்காரிதான் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். வந்த அன்றைக்கே, வழக்கம்போல, டீ டம்ளரோடு மெஷின் பக்கம் போய்க் கிளிப்பை ஆட்டிப் பார்த்தான். "அக்கா, இதை யாரும் தொடலையே?" என்று கேட்டான்.

"யாரும் தொடலைடா" என்றேன். அது உண்மைதான்.

அதற்கு ஏழு மாதம் கழித்து ஒரு காலையில், நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றுத் துணியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். கீழே இறங்கி வந்தால் வெறுங்காலோடு ஈரத் தரையில் மெஷினோடு சாய்ந்து கிடக்கிறார். கை மெஷின் கதவில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். எல்லாம் முடிந்துபோயிருந்தது. மெஷினுக்குள் ஏதோ ஒயர் உரசி, அதன் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறியிருந்ததாம். எர்த் இருந்திருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும், மனிதர் பிழைத்திருப்பார் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

தம்பி வந்தான். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராகக் குழாய்க்குப் போனான். கிளிப்பைக் கழற்றினான். அது கடித்திருந்த இடம் முழுக்கத் துரு. அதை வைத்துத் தேய்த்ததா தேய்க்காததா என்று யாராலும் சொல்ல முடியாது. கிளிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"பெயிண்டைச் சுரண்டினேனா இல்லையா, ஞாபகம் வரமாட்டேங்குதுக்கா. நீ சாப்பிடக் கூப்பிட்டே. சுரண்டினேனா?"

எனக்கு அப்போது எதுவும் தெரியாது, இது சத்தியம். பிளாஸ்டிக் குழாயில் கரண்ட் இறங்காது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நரம்பில்லாத நாக்கு, அத்தனை பேர் முன்னாலும் புரண்டது. "நீதான்டா கொன்னே. உன் மாமாவை நீதான் கொன்னே" என்றேன்.

அவன் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆறு மாதம் கழித்து, ஓனர் பயந்துபோய், கட்டடம் முழுக்கப் புது ஒயர் போட ஓர் எலக்ட்ரீஷியனை அனுப்பினார். அவர் சுவரைக் குடைந்தவர், கையை நிறுத்தினார். "இந்தக் குழாயிலயாம்மா எர்த் மாட்டியிருந்தீங்க? உள்ள பிளாஸ்டிக்கா இருக்கே. கரண்ட் எங்க இறங்கும்? அன்னிக்கு அவர் குழாயைத் தொட்டிருந்தாலும் அடிச்சிருக்கும்" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழாயில் மாட்டியது தப்பில்லையா என்று கேட்டேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே எனக்கு. "தப்புதான். ஆனா இரும்பா இருந்த வரைக்கும் அது உங்களைக் காப்பாத்தியிருக்கும்மா. பைப்பை மாத்தினப்போ யாரும் மாட்டினவரைக் கேக்கலையா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று சொன்னவள் நான். போனைக் கையில் எடுத்தவர் செத்துப்போனார்.

அன்றைக்கே தம்பியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவன் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். காய்கறி வாங்கிப் போடுவான், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைப்பான், ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். சொன்னால் அவன் வருவது நின்றுவிடும் என்று பயந்தேன். அந்த வீட்டில் வேறு யார் வருகிறார்கள் எனக்கு? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என் வீட்டில் இரண்டும் ஒரே கூடத்தில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

அவன் கரண்ட் வேலையை விட்டுவிட்டான். ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். என் வீட்டில் பல்பு போனால்கூடத் தொடமாட்டான். அவன் வீட்டில் அவன் இருக்கும்போது அயர்ன் பாக்ஸைப் பிளக்கில் செருக முடியாது. லீவு நாட்களில் மட்டும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கிளம்புவான். முன்பு கிளிப் போட்ட வீடு ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டுவான். "அம்மா, ஒரே நிமிஷம். கிளிப்புக்கு அடியில பெயிண்ட் இருக்கான்னு பாத்துட்டுப் போயிடுறேன்." முதல் தடவை உள்ளே விட்டார்கள். அதே வீட்டுக்கு மூன்றாம் தடவை, நாலாம் தடவை போனால் யார் விடுவார்கள்? "பைத்தியம் வருது, கதவைச் சாத்து" என்று உள்ளேயிருந்து பேசுவது அவன் காதில் விழும். தேய்த்துத் தேய்த்து அவன் விரல் நுனிகளில் தோலே இல்லை. அந்த விரல்களால்தான் எனக்குக் காய்கறிப் பையை நீட்டுவான். நான் வாங்கிக்கொள்வேன். நான்கு வருஷம் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் பிரிண்டர்க்காரி தனியாக வந்தாள். ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணி, அவரு கையில அந்தக் கிளிப்பை வச்சுக்கிட்டுத்தான் தூங்குறாரு. காலையில உள்ளங்கையில பல்லுத் தடம் இருக்கு. சாப்பாடு இறங்கலை. டாக்டர்கிட்ட வரமாட்டேங்குறாரு. உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன், அவரை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லுங்க. அது போதும். நீங்க சொன்னா அவரு பிழைச்சுக்குவாரு."

மன்னிக்க வேண்டுமாம். நான், அவனை. அவள் போன பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போகும்போதே வாக்கியத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். "பைப்பை மாத்தினது நான்டா. உன்னைக் கேக்க வேண்டாம்னு சொன்னதும் நான்தான்." இரண்டே வாக்கியம். வழி நெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தினமும் பார்த்தும் அன்றைக்குத்தான் கவனித்தேன், பாதி ஆளாகியிருந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. பிரிண்டர்க்காரி கதவோரம் நின்றுகொண்டு என் வாயையே பார்த்தாள். அந்தப் பார்வையில் எவ்வளவு நம்பிக்கை. இதைச் சொன்னால் இவள் இனி என்னை எப்படிப் பார்ப்பாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த ஒரு நினைப்பு போதுமாக இருந்தது, நான் கோழை.

"நான் உன்னை மன்னிச்சிட்டேன்டா" என்றேன்.

அவன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

"அப்ப நான் சுரண்டலை" என்றான்.

"என்னடா?"

"இத்தனை நாளா ஒரு மூலையில, சுரண்டியிருப்பேனோன்னு ஒரு நினைப்பு இருந்துச்சுக்கா. எப்பவும் சுரண்டுறவன் அன்னிக்கு மட்டும் விட்டிருப்பேனா, வேற ஏதாவது ஆயிருக்குமோன்னு. மன்னிக்கத் தப்பே இல்லைன்னுதான் நீயும் அந்தப் பேச்சே எடுக்கலையோன்னு நினைச்சேன். நீயே மன்னிச்சிட்டே. அப்ப நான் சுரண்டலை. சரிக்கா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பிரிண்டர்க்காரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் தலையணைக்கு அடியிலிருந்து கிளிப்பை எடுத்து என்னிடம் கொடுத்தான். "இனிமே இது எனக்கு வேண்டாம்" என்றான். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளத்தான் எனக்குத் தெரியுமே.

இப்போது அவன் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தட்டில் போடுவதைச் சாப்பிடுகிறான். தூங்குகிறான். ஆள் தெளிந்துவிட்டான் என்று தெருவில் சொல்கிறார்கள். "ஒரே வார்த்தையில குணமாக்கிட்டீங்க அண்ணி" என்று பிரிண்டர்க்காரி பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். எனக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்குள் இருந்த ஒரே ஒரு நம்பிக்கையையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று. கிளிப் என் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் கிடக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வந்திருந்தாள். மூன்று டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். தம்பி அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் சுவரில் இருந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு முடியாம இருந்தாராங்க?" என்று என்னைக் கேட்டாள்.

தம்பிதான் பதில் சொன்னான். காய்கறி என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"இல்லைம்மா. என்னாலதான் போனாரு. பெயிண்டைச் சுரண்டாம எர்த் கிளிப்பை மாட்டிட்டேன், ஷாக் அடிச்சிருச்சு. அக்கா என்னை மன்னிச்சிட்டாங்க."

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றாள்.

டீ ஆறுகிறது, குடிங்க என்றேன்.